கோட்டுக்குக் கீழே நாலு புள்ளி

“பயப்படாதே. இன்ஷூரன்ஸ்தான் இருக்கே” என்றார் அவர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

ஸ்கேன் அறைக்கு வெளியே இருந்த இரும்பு நாற்காலி வரிசையில், கடைசி நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் கணவரின் கைக்கடிகாரம், பர்ஸ், மூக்குக்கண்ணாடி. அவர் சொன்னது காதில் விழுந்ததும் கண்ணாடியைப் பிடித்திருந்த கை சில்லிட்டுப்போனது. தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும்போல இருந்தது.

இன்ஷூரன்ஸ் இல்லை. அதை நிறுத்தியதே அவள்தான்.

உள்ளே டாக்டரம்மா சொன்னது சுருக்கமாக இருந்தது. பித்தப்பை நிறையக் கல். வீக்கம் ஆரம்பித்துவிட்டது. “ரெண்டு வாரத்துக்குள்ள எடுத்துடுங்க. சீழ் பிடிச்சுட்டா அப்புறம் யார் கையிலயும் இல்ல.” பிறகு ஒரு நர்ஸ் உத்தேசச் செலவு என்று ஒரு தாளைக் கொடுத்தாள். கடைசி வரியில் இருந்த தொகையை அவள் ஒருமுறை பார்த்தாள். தன் சம்பளத்தில் பதினான்கு மாதம். இரண்டாம் முறை பார்க்கத் தைரியம் வராமல் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

“பதினெட்டு வருஷமா அடுத்தவங்க எழுதினதுல கல் பொறுக்கினேன்” என்றார் அவர், கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே. “என் வயித்துக்குள்ள ஒரு மூட்டை இருந்திருக்கு, பார்க்கலையே.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் பாடப்புத்தகங்கள் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒரு துணைக்கால் விடுபட்டாலும் ஒரு புள்ளி கூடினாலும் பிடித்துவிடுவார். அச்சகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவளோ கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள்; வாடிக்கையாளர் மூக்குக்கு ஏற்றபடி பிரேமை வளைத்துக் கொடுப்பதும், காதுக்குப் பின்னால் இறுக்கிவிடுவதும் அவள் வேலை. பூதக்கண்ணாடிக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கல்யாணம் என்று அந்தக் காலத்தில் சொந்தக்காரர்கள் வாய் வலிக்கச் சிரித்தார்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால், பிழை திருத்தும் வேலையை இனி கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்று அச்சகம் முடிவுசெய்தது. ஐந்து பேரை ஒரே நாளில் அனுப்பினார்கள். ஆளுக்கு ஒரு மாதச் சம்பளமும் ஒரு மேஜைக் கடிகாரமும். ஆபீஸ் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். “நேரம் சரியில்லைன்னு சொல்லாம சொல்றாங்க” என்று கடிகாரத்தை அலமாரியில் வைத்தார். அதற்குப் பிறகு அந்த வேலையைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டுச் செலவையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வைத்தாள். அவர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். அந்தப் பென்சில் கையில் வந்ததும் முதுகு நிமிர்ந்தது. மூன்று நாளில் முதல்முறையாக அவரைப் பழைய மனிதராகப் பார்த்த சந்தோஷத்தில் அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பேப்பர் நிறுத்தியாச்சு. கேபிள் நிறுத்தியாச்சு. முடி வெட்டு...”

“அதுவுமா?”

“தானா கொட்டுது. அதுக்கு எதுக்குக் காசு?”

“நீச்சல் வகுப்பு நிறுத்த முடியாதுப்பா” என்றது மகளின் குரல். பன்னிரண்டு வயது. எதையும் வாதாடாமல் ஒப்புக்கொள்ளாததால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். “அது வேலை போறதுக்கு முன்னாடி குடுத்த வாக்கு. முன்தேதி.”

“மேல்முறையீடு பண்ணு.”

“யாருகிட்ட?”

“அம்மாகிட்ட.”

“அவங்க உங்க கட்சி.”

இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அவள் கேட்டாள், கரண்டியும் கையுமாக: “இன்ஷூரன்ஸை என்ன செய்றது?”

“அது இருக்கட்டும்” என்றார்.

பிறகு தாளைப் பார்த்தபோது இன்ஷூரன்ஸ் என்ற சொல்லின் மேல் சிவப்புக் கோடு ஓடியிருந்தது. கீழே நாலைந்து புள்ளிகள். யோசிக்கும்போது பென்சிலைத் தட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். இருக்கட்டும் என்றாரே, அதுவும் பொருந்தியது. அந்த வீட்டில் இருக்கட்டும் என்றால் அதுதானே அர்த்தம்? ஒழுகும் குழாய்க்கு ஆள் கூப்பிடலாமா என்றால், இருக்கட்டும். மெத்தை மாற்றலாமா என்றால், இருக்கட்டும். அக்கா வீட்டுக்குப் போனால் இன்னொரு வாய் சாப்பிடுங்க என்பார்கள். இருக்கட்டும் என்று தட்டைக் கையால் மறைத்துக்கொள்வார். அவர் வாயில் அந்தச் சொல் வந்தால் வேண்டாம் என்று பொருள். பதினைந்து வருடப் பழக்கம்.

தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, அதன்படியே ஒவ்வொன்றாக நிறுத்தினாள். இன்ஷூரன்ஸ் தவணை வந்தது. கட்டவில்லை. அந்தப் பணம் வீட்டுக் கடன் தவணைக்குப் போனது. அந்த மாதம் கையைக் கடிக்காமல் தாண்டியதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஸ்கேன் எடுத்த அன்று மதியம், மாத்திரை போட்டுக்கொண்டு அவர் தூங்கியதும், சத்தமில்லாமல் பீரோவைத் திறந்து இன்ஷூரன்ஸ் ஃபைலை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். காய்கிற துணிகளுக்கு நடுவில் நின்று, ஃபைலில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள்.

எதிர்முனைப் பெண்ணுக்கு இந்தக் கேள்வி பழகியிருக்க வேண்டும். மூச்சு விடாமல் சொன்னாள். தவணைத் தேதியிலிருந்து முப்பது நாள் சலுகை உண்டு. அதற்குள் கட்டிவிட்டால் பழைய பாலிசி அப்படியே தொடரும். கட்டிய தேதிக்குப் பிறகு நடக்கும் ஆபரேஷனுக்குப் பணம் கிடைக்கும். “முப்பது நாள் தாண்டிட்டா புதுசாத்தான் எடுக்கணும்மா. புதுசுல, ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு மூணு வருஷம் எதுவும் கிடைக்காது.”

“எனக்கு முப்பதாவது நாள் என்னிக்குங்க?”

“நாளைக்கு.”

நன்றி சொன்னாளா என்பது அவளுக்கு நினைவில்லை. கொடியில் தொங்கிய அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஈரம் காயாத சட்டை. அதை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

கட்டுவதற்குப் பணம் இல்லாமல் இல்லை. திங்கட்கிழமை வீட்டுக் கடனுக்காக வங்கி எடுத்துக்கொள்ளப்போகிற பணம் கணக்கில் இருந்தது. அதைத் தொட்டால், பணம் இல்லை என்று தவணை திரும்பும். இரண்டு மாதத்துக்கு முன்பே ஒரு தவணை ஒரு வாரம் தாமதம். வங்கியிலிருந்து வந்த கடிதத்தில், மறுபடி நேர்ந்தால் நடவடிக்கை என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை அவள் அவரிடம் காட்டவில்லை. இப்போது ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் அவர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு போனிலேயே கட்டப் பார்த்தாள். எல்லாம் சரியாகப் போய், கடைசியில் ‘பதிவுசெய்த எண்ணுக்கு ஒரு குறியெண் அனுப்பியுள்ளோம்’ என்று வந்தது.

அந்த எண் அச்சகத்தின் ஆபீஸ் போன். தவணையை நினைவூட்டும் தகவல்களும் அங்கேதான் போயிருக்கும். கூப்பிட்டுப் பார்த்தாள். அணைத்துவைக்கப்பட்டிருந்தது.

அவரை எழுப்பிச் சொல்லிவிடலாம். கதவுவரை போனாள். அவர் முழங்காலை மடக்கி, வயிற்றில் கைவைத்துக்கொண்டு ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வேலை போனதிலிருந்து படுக்கையில்கூடக் குறைவான இடத்தையே எடுத்துக்கொண்டார். இந்த மனிதரிடம் போய், உங்களுக்கு இருந்த ஒரே பிடியையும் நான் அறுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? நாளைக் காலையில் நேரிலேயே போய்க் கட்டிவிடலாம், அவருக்குத் தெரியவே வேண்டாம் என்று முடிவுசெய்தாள்.

சாயங்காலம் வக்கீல் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூட வைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, அந்தப் பாத்திரத்தை மூணாவது தடவையா கழுவுறீங்க.”

“அழுக்கா இருந்தது.”

“சாட்சி பொய் சொல்லுது.” பிறகு குரல் இறங்கியது. “அப்பாவுக்கு ஏதாவது ஆயிடுமாம்மா?”

“போடி. கல்லுதான். எடுத்துட்டா சரியாப் போச்சு.”

“எடுக்கக் காசு?”

“இன்ஷூரன்ஸ் இருக்கு” என்றாள் அவள். காலையில் அவர் சொன்ன அதே தொனி. அந்தப் பொய்யைச் சொன்ன பிறகு அதே பாத்திரத்தை நாலாவது தடவையாகக் கழுவ எடுத்தாள்.

மறுநாள் கடையில் முதலாளியம்மாவிடம் இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டு இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனாள். டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, தன் எண் வரும்போது மணி பன்னிரண்டரை. கவுன்டரில் இருந்தவர் பாலிசியைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“போன் நம்பர் செத்துப்போச்சுன்னா அதை மாத்தாம பணம் ஏத்த முடியாதும்மா. மாத்த அவர் கையெழுத்து வேணும். நேர்ல.”

“ஃபாரம் குடுங்க, வாங்கிட்டு வந்துடறேன்.”

“எங்க முன்னாடி போடணும்.”

“அவருக்கு உடம்பு சரியில்லைங்க.”

“அதுக்குத்தானேம்மா பாலிசி” என்றார், கிண்டல் இல்லாமல், உண்மையாகவே. “நாலு மணிக்குக் கவுன்டர் மூடிடும். நாளைக்கு லீவு. லீவு இல்லாட்டியும் நாளைக்கு வந்து பிரயோஜனம் இல்ல.”

பஸ்ஸில் வீட்டுக்கு வர முக்கால் மணி நேரம். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள், நின்றால் சீக்கிரம் போய்விடலாம் என்பதுபோல. எப்படி ஆரம்பிப்பது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தாள். கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோனது.

அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து யாரோ ஒரு மாணவரின் ஆராய்ச்சிக் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கிடைக்கும் சில்லறை வேலை. நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன இந்த நேரத்துல? கடையில மூக்கெல்லாம் தீர்ந்துபோச்சா?”

“என்னங்க, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

நின்றபடியே சொன்னாள். நிறுத்தியதை, நேற்று போன் செய்ததை, கவுன்டரில் சொன்னதை. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் அலமாரியில் இருந்த மேஜைக் கடிகாரத்தையே பார்த்தாள். ஒன்று நாற்பது.

அவர் எழுந்துபோய் ஃபிரிட்ஜ் கதவு முன்னால் நின்றார். அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. அந்த அரை நிமிடத்துக்குத்தான் நேற்றிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்தாள்.

“நான் புள்ளி வெச்சிருக்கேனே” என்றார், மெல்ல.

“என்ன புள்ளி?”

“இங்க. கோட்டுக்குக் கீழ நாலு புள்ளி. முதல்ல அடிச்சேன். அப்புறம் வேணாம்னு தோணுச்சு. அடிச்சதுக்குக் கீழ புள்ளி வெச்சா, அடிச்சது செல்லாது, அந்தச் சொல் அப்படியே நிக்கணும்னு அர்த்தம். பிரஸ்ல அந்தக் குறிக்கே இருக்கட்டும்னுதான் பேர்.” திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. “உன்கிட்ட வாயாலயும் சொன்னேன். இருக்கட்டும்னு.”

“நீங்க இருக்கட்டும்னா வேணாம்னுதானே சொல்வீங்க.”

“எப்போ?”

“எப்பவும். குழாய்க்கு. மெத்தைக்கு. எனக்கு எது கேட்டாலும்.”

அவள் திட்டை எதிர்பார்த்தாள். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. ஆனால் அவர் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்தத் தாளைப் பிய்த்தெடுத்தார்.

“எத்தனையோ எழுத்தாளருக்குத் திருத்தியிருக்கேன். புரியாத குறியைப் போட்டுட்டு, உனக்குப் புரியலைன்னு யாரையும் குத்தம் சொன்னதில்ல நான். ஓரத்துல ஒரு வார்த்தை விளக்கம் எழுதுவேன். வீட்டுல எழுதல.” செருப்பைத் தேடினார். “தப்பு உன்னுது இல்ல. வா. அப்புறம் சண்டை போட்டுக்கலாம்.”

“நடக்க முடியுமா?”

“முடியாட்டி இழுத்துட்டுப் போ.”

பஸ் வர இருபது நிமிடம் ஆனது. சாலை நெடுக வண்டிகள் நகராமல் நின்றன. பள்ளம் வரும்போதெல்லாம் அவர் முன் இருக்கையின் கம்பியை இறுக்கிப் பிடித்தார். வியர்வை காதோரம் வழிந்தது. வலிக்குதா என்று அவள் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வி. மூன்று பதினைந்து. மூன்று முப்பது. இடையில் இறங்கி நடந்தால் சீக்கிரமா, உட்கார்ந்திருந்தால் சீக்கிரமா என்று அவள் மனம் கணக்குப் போட்டுப் போட்டுத் தவறவிட்டது. ஆபீஸ் படியில் ஏறும்போது மூன்று நாற்பத்தாறு. காவலாளி ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். குனிந்து நுழைந்தார்கள்.

கவுன்டர்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். “இவர்தான் அந்த சாரா? வாங்க. கையெழுத்து இங்க, இங்க, பின்பக்கம்.” நடுங்கிய கையெழுத்து பாலிசியில் இருந்த கையெழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று கவுன்டர்காரர் உற்றுப்பார்த்தபோது அவளுக்கு உயிர் போய்விட்டது. சரியென்று தலையை ஆட்டினார். புது எண் ஏறியது. அவள் கார்டை நீட்டினாள். வீட்டுக் கடன் தவணை அந்தச் சிறிய இயந்திரத்துக்குள் போய் மறைந்தது. ரசீது வந்தது.

அவள் ரசீதைப் பைக்குள் வைக்கப்போனாள். அவர் வாங்கிக்கொண்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்கருகே கொண்டுபோனார். பாலிசியை இன்னொரு கையில் விரித்தார்.

“சார், மூடற நேரம்” என்றார் கவுன்டர்காரர்.

“பாலிசி நம்பர்ல எட்டாவது இலக்கம் மூணு, ஒன்பதாவது ஏழு. நீங்க ஏழு மூணுன்னு அடிச்சிருக்கீங்க.”

“அப்படி இருக்காது சார்.”

“இருக்கு. இந்தப் பணம் முகம் தெரியாத யாரோ ஒருத்தர் பித்தப்பைக்குப் போயிடுச்சு.”

கவுன்டர்காரர் ரசீதை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. மணி மூன்று ஐம்பத்து நாலு. அதை ரத்துசெய்ய மேலதிகாரியின் ரகசிய எண் வேண்டும். மேலதிகாரி கழிப்பறையில் இருந்தார். அவள் கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்வதைப் பார்த்தாள். மூன்று ஐம்பத்தாறு. கை துடைத்துக்கொண்டே மேலதிகாரி வந்தார். மூன்று ஐம்பத்தெட்டு. இந்த முறை கவுன்டர்காரர் ஒவ்வொரு இலக்கமாகச் சத்தமாகச் சொல்ல, இவர் பாலிசியில் விரல் வைத்து ஆமாம், ஆமாம் என்று சொல்ல, அச்சகத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து புரூஃப் ஒப்பிடுவதுபோல முடிந்தது.

ரசீதில் நேரம் அச்சாகியிருந்தது: 3.59.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர் ரசீதை இன்னொரு முறை படித்தார். அவள் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன உயிர் திரும்பிவந்ததே தவிர, அது முழுதாக வந்து சேரவில்லை. ஆபரேஷன் இனிமேல்தான். கணக்கில் இப்போது ஒரு வாரத்துச் செலவுக்குக்கூடத் தேறாது.

“திங்கட்கிழமை தவணை திரும்பிடும்” என்றாள். “போன மாசமே ஒரு கடிதாசி வந்தது. உங்ககிட்ட காட்டல. மறுபடி நடந்தா நடவடிக்கைன்னு போட்டிருந்தாங்க.”

அவர் அதற்கும் கோபப்படவில்லை.

“திரும்பறதுக்கு முன்னாடி நாமே போய்ச் சொல்லிடுவோம். திங்கட்கிழமை பேங்க் திறந்ததும். வேலை போச்சு, ஆபரேஷன் இருக்கு, ரெண்டு மாசம் டைம் குடுங்கன்னு.” அந்தச் சொற்களை வாயிலிருந்து எடுப்பதற்கே அவருக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்று மாதமாகப் பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட வேலை போனதை அவர் சொன்னதில்லை.

“குடுப்பாங்களா?”

“தெரியல.”

“நானும் வரட்டுமா? கடைக்கு லீவு சொல்லிடறேன்.”

“எதுக்கு இன்னொரு லீவு?” என்றார் அவர். “இருக்கட்டும்.”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். “எந்த இருக்கட்டும்?”

அவர் மடித்த ரசீதை அவளுடைய கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை மூடி, அந்தக் கையை அங்கேயே, அவள் கைமேல் வைத்துக்கொண்டார். அவர் கையும் சில்லென்றுதான் இருந்தது.

“எனக்குப் பயமா இருக்கு” என்றார். “நீ கூட வரணும்னு அர்த்தம்.”